மூன்றாவது குழிக்குக் கீழே ஒரு ஓடை

செங்கம் சாலையில் இருக்கிற எங்கள் கோல்ஃப் மைதானத்தின் வாசலில் போன மாதம் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். ‘இயற்கையின் தோழன்’ என்று பச்சை எழுத்து. பக்கத்தில் ஒரு இலை, இலைக்குள் ஒரு பந்து. நான் அந்த மைதானத்தில் இருபத்தெட்டு வருடம் புல் வளர்த்து, தலைமை மாலியாக ஓய்வு பெற்றவன். சங்கத்தின் ஆண்டு மலருக்கு, மைதானம் இயற்கையின் தோழன் ஆன கதையை நான்தான் எழுத வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். இரண்டு பக்கம் போதும், கொஞ்சம் பெருமையாக இருக்கட்டும் என்றார்கள். பெருமையாக எழுத அவர்களிடமே நிறைய ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுதினால் நடந்ததைத்தான் எழுதுவேன். அது இரண்டு பக்கத்தில் அடங்காது, மலரில் வருமா என்பதும் சந்தேகம்தான்.

கோல்ஃப் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு சின்ன வெள்ளைப் பந்தைக் கம்பால் அடித்து அடித்து, எங்கோ தூரத்தில் இருக்கிற குழியில் போடுவதுதான் விளையாட்டு. கையில் எடுத்துக்கொண்டு நடந்து போய்ப் போட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். இதை உறுப்பினர்களிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன், யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பந்து தடையில்லாமல் உருளுவதற்காக, பங்குனியில் ஆடு மாடுகளே நிழல் தேடி அலைகிற எங்கள் ஊரில், பன்னிரண்டு மாதமும் புல்லைப் பச்சையாக வைத்திருக்க வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தச் சம்பளத்தில்தான் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தேன். ஆகவே விளையாட்டைக் கிண்டல் செய்கிற உரிமை வேறு யாரையும்விட எனக்கு ஜாஸ்தி.

மைதானம் கட்டும்போது மண் சுமக்கப் போனவன் நான். ஐடிஐ முடித்திருந்தேன் என்பதால் என்னைப் பெங்களூருக்கு அனுப்பி, ஆறு மாதம் ஒரு பெரிய மைதானத்தில் புல் பழக்கினார்கள். அங்கே போன முதல் நாளே ஒரு புல்லைக் காட்டி, பெர்முடா, வெளிநாட்டு ரகம், ஜாக்கிரதையாகத் தொடு என்றார்கள். குனிந்து பார்த்தேன். நம் பிள்ளையாருக்குச் சாற்றுகிற அருகம்புல்லின் ஒன்றுவிட்ட தம்பி. வயலில் இருந்தால் களை என்று பிடுங்கி எறிகிற ஜாதி, இங்கே விமானம் ஏறி வந்திருந்தது. அந்த ஆறு மாதத்தில் நான் உருப்படியாகக் கற்றது, புல் தண்ணீர் இல்லாமல் சாவதைவிடத் தண்ணீர் அதிகமாகித்தான் சாகிறது என்பது. ஊருக்குத் திரும்பியதும் அதை மறந்துவிட்டேன்.

வேலை விடியற்காலையில் தொடங்கும். குழியைச் சுற்றி மொட்டையடித்த தலை மாதிரி ஒட்ட வெட்டிய புல்தரை இருக்கும். அதற்கு கிரீன் என்று பெயர். அங்கே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நான் ஏறுவேன். பார்க்கிற வெளியூர்க்காரர்கள், திருவண்ணாமலைக்காரன் புல்லைக்கூடக் கோயிலாக நினைக்கிறான் என்று படம் எடுத்துக்கொள்வார்கள். பக்தி ஒன்றுமில்லை. எந்த இடத்தில் ஈரம் அதிகம், எந்த இடத்தில் காய்கிறது என்று உள்ளங்கால் சொல்கிற மாதிரி எந்தக் கருவியும் சொல்லாது. அப்புறம் பனி தட்டுவது. நீளமான மூங்கில் கழியைப் புல்லின் மேல் வளையமாக வீசி, நுனியில் நிற்கிற பனித்துளியைத் தட்டிவிட வேண்டும். அப்படியே விட்டால் வெயில் ஏறுவதற்குள் பூஞ்சை பிடித்துக்கொள்ளும். பனி தட்டி முடித்து, உருளை மிஷினால் நெல்மணி பருமன் உயரத்துக்கு வெட்டி, பழைய குழியை மூடி, புதுக் குழி வெட்டி, கொடி நட்டு முடிக்கும்போது முதல் கார் உள்ளே வரும்.

மைதானம் திறந்து ஐந்தாறு வருடம் கழித்துச் செயலாளராக வந்தவர் கர்னல் சார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், வேலூர்ப் பக்கம். அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

அவரிடம் ஒரு அட்டை இருந்தது. பெயின்ட் கடையில் சுவருக்கு நிறம் தேர்ந்தெடுக்கக் கொடுப்பார்களே, அந்த அட்டையில் இருந்து ஒரே ஒரு பச்சையை மட்டும் கத்தரித்து, லேமினேட் செய்து, சட்டைப்பையில் வைத்திருந்தார். தினமும் காலை ஏழு மணிக்கு ஒன்பது குழிகளுக்கும் நடந்து போவார். ஒவ்வொன்றிலும் குனிந்து அந்த அட்டையைப் புல்லோடு வைத்துப் பார்ப்பார். "ஏழுமலை, இது இன்னா கலர்?" என்பார். பச்சை சார் என்பேன். "பச்சை இல்ல, பச்சை மாதிரி. இந்த அட்டைக்கு ஒரு பொட்டு கம்மியானாலும் எனக்குக் கேள்வி வரும், உனக்கு என்கிட்ட இருந்து வரும்" என்பார். அன்று மோட்டார் கூடுதலாக இரண்டு மணி நேரம் ஓடும்.

அட்டை முடிந்ததும் சட்டைப்பையில் இருந்து ஒரு பந்தை எடுப்பார். கையைக் கண் உயரத்துக்குத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு, பந்தை விடுவார். சத்தத்தைக் கேட்டே தரை இறுகியிருக்கிறதா, ஊறிப்போயிருக்கிறதா என்று சொல்லிவிடுவார். ஒரு நாளும் தப்பியதில்லை. கடைசியில், பந்து எந்தப் பக்கம் சரியும் என்று பார்க்க, மீசையோடு அப்படியே குப்புறப் படுத்துக் கன்னத்தைப் புல்லில் வைப்பார். எழுபதைத் தொடுகிற மனிதர், காலை வெயிலில் ஒன்பது தடவை விழுந்து எழுவார். எனக்கு அவர் மேல் எரிச்சலும் உண்டு, மரியாதையும் உண்டு. இரண்டும் ஒரே அளவு.

இப்போது நான் செய்த தப்புக்கு வருகிறேன். அது கர்னல் சார் வருவதற்கு முன்னால் நடந்தது.

மலையில் இருந்து இறங்கி, மைதானம் வந்திருக்கிற நிலத்தின் வழியாக எங்கள் ஊர் ஏரிக்குப் போகிற ஒரு ஓடை இருந்தது. ஓடை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வருடத்தில் பத்துப் பதினைந்து நாள் ஓடும். மிச்ச நாளெல்லாம் வெறும் மணலும் கூழாங்கல்லும்தான். மைதானம் கட்டியபோது தொடர்ந்து இரண்டு வருடம் மழை பொய்த்திருந்தது. வரைபடம் போட்ட பொறியாளர், உள்ளூர்க்காரன் என்று என்னைக் கூப்பிட்டு, "இதுல தண்ணி வருமாப்பா?" என்று கேட்டார். எனக்கு அப்போது நிரந்தர வேலை தருவதாகப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. "அது செத்துப்போன ஓடை சார், தைரியமா மூடலாம்" என்றேன். இரண்டே நாளில் புல்டோசர் அதை மண் போட்டு மேடாக்கிவிட்டது. அதன் மேல்தான் மூன்றாவது குழி வந்தது.

பக்கத்து வயலில் புல் அறுக்க வந்திருந்த என் அக்கா பூங்காவனம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாள். அவளை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தோம், ஏரிக்குக் கீழே ஒன்றரை ஏக்கரும் ஒரு கிணறும் அவளுக்கு. "டேய், அது ஓடைடா" என்று கத்தினாள். "சும்மா இருக்கா, வேலை பூடும்" என்றேன். வேலை போகவில்லை. இருபத்தெட்டு வருடம் இருந்தது.

ஓடைத் தண்ணீர் அந்தப் பத்து நாளில்தான் ஏரியில் சேரும், ஏரியில் நின்றால்தான் கிணறுகளில் ஊறும். இது எங்கள் ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். வருடா வருடம் ஏரி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. இந்தப் பக்கம் நாங்கள் போர் போட்டு உறிஞ்சினோம். ஒரு சித்திரையில் அக்காவின் கிணறு முதல் தடவையாகத் தரை தட்டியது. அந்த வாரம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். உட்கார்ந்தேன். நம் வீடுகளில் வந்தவர்களுக்கு முதலில் ஒரு சொம்பு தண்ணீர்தானே கொடுப்பார்கள், வரவில்லை. நானே கேட்டேன்.

"உன் புல்லுகிட்ட போய்க் கேளு" என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். சாதம் போட்டாள், குழம்பு ஊற்றினாள், அப்பளம் வைத்தாள், தண்ணீர் மட்டும் வைக்கவில்லை. விக்கல் எடுத்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்றிலிருந்து அவள் வீட்டுக்குப் போனால் பையில் தண்ணீர் பாட்டிலோடு போவேன். விசேஷங்களில் சொந்தக்காரர்கள் முன்னால், கூடப் பிறந்த அக்கா வீட்டில், பாட்டிலைத் திறந்து குடிப்பேன். சர்க்கரை வியாதி என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

சும்மா இருக்கிறவளா அவள். ஒரு திங்கட்கிழமை வேங்கிக்காலுக்குப் போய் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்துவிட்டு வந்தாள். ‘மேற்படி மைதானத்தார் எங்கள் ஓடையை மூடிவிட்டார்கள்’ என்று மனு. விளக்கம் கேட்டு அது மைதானத்துக்கு வந்தது. உள்ளூர் விவரம் தெரிந்தவன் என்று கர்னல் சார் பதில் எழுதும் வேலையை என்னிடமே கொடுத்தார். ‘மைதானத்துக்குள் ஓடை எதுவும் இல்லை’ என்று எழுதினேன். பொய் இல்லை பாருங்கள். இருந்ததை மூடிவிட்டோம், அதனால் இல்லை. அந்தக் காகிதத்தை எழுதின கையாலேயே அன்று மதியம் சாப்பிட்டேன்.

என்னைத் திருத்தியது மனசாட்சி என்று சொன்னால் நன்றாக இருக்கும். திருத்தியது ஒரு நோயாளி. மூன்றாவது கிரீன்.

அது எப்போதும் சீக்காளியாகவே இருந்தது. ஐப்பசி வந்தால் சொதசொதவென்று ஊறும், வட்டம் வட்டமாகப் பழுப்பு விழும். டீசல் மோட்டார் வைத்து அங்கே தேங்குகிற தண்ணீரை இறைத்துச் சாலையோரச் சாக்கடையில் விடுவோம். சித்திரை வந்தால் அதே கிரீனுக்குப் போர் தண்ணீர் பாய்ச்சுவோம். மழைக்காலத்தில் தண்ணீரை வெளியே தள்ளுவது, வெயில்காலத்தில் தண்ணீரை உள்ளே இழுப்பது. இரண்டுக்கும் மோட்டார் எங்களுடையது, இரண்டையும் செய்தவன் நான்தான். பல வருடம் இதில் இருக்கிற பைத்தியக்காரத்தனம் எனக்கு உறைக்கவே இல்லை. பூஞ்சைக்கு மருந்து அடித்தோம். கேட்காததால் வேறு மருந்து, அப்புறம் இன்னொன்று. பக்கத்துக் குட்டையில் தவளைச் சத்தம் நின்றுபோனது. புல் மட்டும் தேறவில்லை.

ஒரு கார்த்திகை மாதம், தீபம் முடிந்த வாரம், அந்தக் கிரீனில் புதுக் குழி வெட்டினேன். குழி வெட்டுவதற்கு வட்டமான இரும்புக் குழாய் ஒன்று உண்டு. மிதித்து இறக்கித் திருகி எடுத்தால், மண் உருளையாகக் குழாய்க்குள் வரும். அன்று வந்த உருளையின் அடியில் ஒரு விரல்கடை கறுப்பு. மூக்கில் வைத்தேன், அழுகின முட்டை நாற்றம். காற்றே போகாமல் தண்ணீர் தேங்கிக்கிடந்தால்தான் மண் அப்படி நாறும். மணல் தரையில், மேட்டின் மேல், தண்ணீர் ஏன் தேங்க வேண்டும்? கிரீனுக்கு வெளியே வந்து கடப்பாரையை எடுத்தேன். இடுப்பளவு தோண்டினேன். முதலில் புல்டோசர் கொட்டின செம்மண், அதற்குக் கீழே வெள்ளை மணல், கூழாங்கல். குழிக்குள் இறங்கிக் காலை வைத்தேன். உள்ளங்காலுக்கு அடியில் தண்ணீர் நகர்ந்துகொண்டிருந்தது.

இருபது வருடத்துக்கு மேல் மண்ணுக்கு அடியில் கிடந்தும் அது வழி தேடிக்கொண்டே இருந்திருக்கிறது. செத்துப்போன ஓடை என்று சொன்னவன் நான். அந்தக் குழிக்குள் நின்று நான் அழுதேன். யாரும் பார்க்கவில்லை என்பதால் இதைச் சொல்கிறேன்.

கர்னல் சாரிடம் போனேன். மூன்றாவது குழியை இடம் மாற்றி, மேட்டை வெட்டி, ஓடையைத் திறந்துவிட்டால் நோயும் போகும், ஏரிக்கும் தண்ணீர் போகும் என்றேன்.

"ஏழுமலை, ஓடை இல்லைன்னு நீதானே எழுதிக் கொடுத்த?"

"ஆமா சார்."

"இப்ப இருக்குன்னு நீயே சொல்ற."

"ஆமா சார்."

"ரெண்டுல ஒண்ணை முடிவு பண்ணிட்டு வா" என்று அட்டையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். தப்பு என்னுடையது, வந்த வழியே திரும்பினேன்.

அடுத்த கோடையில் சான்றிதழ் ஆசை வந்தது. ரமணாசிரமம் பக்கம் தங்குகிற வெளிநாட்டுக்காரர்களில் சிலர் விளையாட வருவார்கள். அவர்களில் யாரோ, உங்கள் மைதானம் சுற்றுச்சூழலுக்கு உகந்ததா என்று கேட்டுவிட்டார்கள். உடனே கமிட்டி கூடி, அப்படி ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும் என்று முடிவு செய்தது. அதைப் பார்த்துக் கொடுக்கிறவர்கள் சென்னையில் இருந்து வருவதாக ஏற்பாடு. சித்திரை வெயில். எவ்வளவு பாய்ச்சியும் புல் அட்டைக்கு ஒத்துவரவில்லை. கர்னல் சாருக்குச் சுற்றுச்சூழல் என்றால் பச்சை, பச்சை என்றால் அந்த அட்டை. எங்கிருந்தோ நான்கு டிரம் சாயம் வரவழைத்தார். புல்லுக்கு அடிக்கிற பச்சைச் சாயம். அப்படி ஒன்று இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

"சார், இயற்கையைப் பாக்க வர்றாங்க. நாம பெயின்ட் அடிக்கிறோம்" என்றேன்.

"கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தா பவுடர் போடறதில்லையா? அடி."

அடித்தோம். முதுகில் மருந்துத் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு, நானும் களை எடுக்கிற பெண்கள் எட்டுப் பேரும் விடிந்ததும் தொடங்கினோம். களையைப் பிடுங்கச் சொல்லித்தான் அதுவரை வேலை வாங்கியிருந்தோம், அன்று களைக்கும் சேர்த்து வண்ணம் அடித்தார்கள். சிரித்துச் சிரித்து அவர்களால் நிற்க முடியவில்லை. அவசரத்தில் நான் ஒன்றை மறந்தேன். காலையில் பாய்ச்சின ஈரம் காயும் முன்னால் அடித்தால் சாயம் பிடிக்காது. எட்டு மணிக்குப் பூச்சி பொறுக்க வந்த கொக்குகள் முழங்கால் வரை பச்சையாகப் பறந்து போயின.

பத்து மணிக்குச் சான்றிதழுக்காக மைதானத்தைப் பார்க்கச் சென்னையில் இருந்து ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும், தொப்பியும் துணிப்பையுமாக, தனியாக வந்தார். கர்னல் சார் ஒவ்வொரு கிரீனாகக் காட்டிக்கொண்டு போனார். அந்த அம்மா புல்லைப் பார்க்கவே இல்லை. மருந்து வைக்கிற அறை எங்கே, போர் எத்தனை, மழைத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டே வந்தார். புல்லைப் பார்க்க வைக்க வேண்டும் என்கிற வேகத்தில் கர்னல் சார், மூன்றாவது கிரீனில், பழக்க தோஷத்தில், பொத்தென்று குப்புறப் படுத்துக் கன்னத்தை வைத்து, "எவ்ளோ சமமா இருக்கு பாருங்க மேடம்" என்றார். எழுந்தபோது இடது கன்னமும் பாதி மீசையும் பச்சை. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்குத் தைரியம் இல்லை.

அந்த அம்மா பையில் இருந்து காகிதத்தை எடுத்து, "இங்க எடுக்கற தண்ணியால சுத்துவட்டாரத்துல யாருக்காவது குறையுதா?" என்று வாசித்தார்.

"யாருக்கும் இல்ல" என்று கர்னல் சார் ஆரம்பித்தார்.

"எங்க அக்காவுக்கு மேடம்" என்றேன்.

எப்படி வாயில் வந்தது என்று தெரியாது. கர்னல் சார் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், ராணுவத்தில் இருந்திருந்தால் என்னைச் சுட்டிருப்பார். அந்த அம்மா காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "அக்கா வீடு எவ்ளோ தூரம்?" என்று கேட்டார். மைதானத்து ஜீப்பிலேயே மூன்று பேரும் போனோம்.

அக்கா களத்தில் இருந்தாள். வயலின் ஓரத்தில் வெள்ளையடித்த கற்கள் குவித்துக் கிடந்தன. வீட்டுமனை போடுகிற கற்கள். இரண்டு வருடமாகக் கிணறு ஏமாற்றியதால், நிலத்தை மனைக்காரர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று மகன் நச்சரித்துக்கொண்டிருந்தான். தை வரைக்கும் பார்க்கிறேன், இந்த மழைக்கும் கிணறு ஊறவில்லை என்றால் கல்லை நட்டுக்கொள்ளுங்கள் என்று அவள் சொல்லிவிட்டிருந்தாள். அது எனக்கும் அன்றுதான் தெரிந்தது. என்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டிருப்பாள்.

உள்ளே போய், லாரித் தண்ணீர் பிடித்து வைத்திருந்த குடத்தில் இருந்து இரண்டு சொம்பு கொண்டுவந்தாள். அந்த அம்மாவுக்கு ஒன்று, கர்னல் சாருக்கு ஒன்று.

"ஏழுமலைக்கு?" என்றார் கர்னல் சார்.

"அவரு புல்லுகிட்ட குடிச்சிக்குவாரு" என்றாள். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்து, "அது இன்னாங்கய்யா, மூஞ்சில பச்சை?" என்றாள்.

கர்னல் சார் கன்னத்தைத் தொட்டார். விரலைப் பார்த்தார். அந்த அம்மாவையும் என்னையும் பார்த்தார். அவ்வளவு பெரிய மனிதர் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. அப்போதுதான் சொன்னேன்: "சார், ஓடையை மூடலாம்னு சொன்னதே நான்தான் சார். வேலைக்காகச் சொன்னேன். மனுவுக்குப் பதில் எழுதனதும் தெரிஞ்சேதான் எழுதனேன்." அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு இது புதுச் செய்தி இல்லை, என் வாயால் கேட்பதுதான் புதுசு.

கர்னல் சார் கிணற்றடிக்கு நடந்தார். அகலமான பழைய கிணறு, சுற்றுச்சுவர் இடுப்பளவு. எட்டிப் பார்த்தார். கை தானாகவே சட்டைப்பைக்குப் போனது. பந்தை எடுத்தார். கண் உயரத்துக்குத் தூக்கினார். கண்ணை மூடினார். விட்டார்.

ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் பாறையில் ஒரு சத்தம், டொக். இன்னொன்று, டொக். உருண்டு நின்றது. கர்னல் சார் கண்ணைத் திறக்கவில்லை. தரையின் ஈரத்தைச் சத்தத்தில் கண்டுபிடிக்கிறவருக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"மூணாவதை வெட்டு" என்றார்.

சான்றிதழ் அந்த வருடம் கிடைக்கவில்லை, வாசலில் பலகை வர இன்னும் சில வருடம் ஆனது. சாயத்தைப் பற்றி அந்த அம்மா ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தார் என்று கேள்வி. கமிட்டியில் பெரிய ரகளை. குழியை வெட்டி ஓடை விடுவதற்கா சந்தா கட்டுகிறோம் என்று சண்டைக்கு வந்தார்கள். கர்னல் சார் எழுந்து, "வெளிநாட்டுல ஆட்டத்தைக் கஷ்டமாக்கத் தண்ணியைத் தேடி வெட்டறான், நமக்கு இருக்கறதை மூடி வெச்சிருக்கோம்" என்று மடக்கினார். ஆட்டம் கஷ்டமாகிறது என்றதும் அவர்களுக்குப் பிடித்துப்போனது. அந்த ஜனங்களை இன்று வரை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

ஆடி முழுக்க வெட்டினோம். பழைய மணல் தெரிகிற வரை மேட்டைக் கரைத்து, மூன்றாவது கிரீனைப் பாறைப் பக்கம் நகர்த்தினோம். கிரீனுக்கும், ஆட்டம் தொடங்குகிற மேடைக்கும் மட்டும் தண்ணீர், நடுவில் இருக்கிற பெரிய வெளியெல்லாம் வானம் பார்த்துக் கிடக்கட்டும் என்று ஏற்பாடு. அங்கே மலைப்புல் தானாகவே வந்தது. மருந்தறைச் சாவியைக் கர்னல் சார் வாங்கி வைத்துக்கொண்டார். பெயின்ட் கடைக்குப் போய்ப் புது அட்டை ஒன்று வாங்கிவந்தார். இந்த முறை வைக்கோல் நிறம். லேமினேட் செய்து எனக்கும் ஒன்று கொடுத்தார். "இனிமே இதுக்கு ஜாஸ்தியா பச்சை தெரிஞ்சா கேள்வி வரும்" என்றார்.

ஐப்பசி கடைசியில் மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலை, மலையில் இருந்து செம்மண் தண்ணீர் இறங்கி, மூன்றாவது கிரீனைச் சுற்றிக்கொண்டு, பழைய வழியிலேயே ஏரிக்குப் போனது. யாரும் வழி காட்டவில்லை. குடை பிடித்துக்கொண்டு அதன் கூடவே ஏரி வரைக்கும் நடந்தேன். கார்த்திகை பிறந்து சில நாள் கழித்து அக்கா வீட்டுக்குப் போனேன். பழக்கத்தில் பையில் பாட்டில் இருந்தது. உட்கார்ந்தேன். அவள் உள்ளே போய் ஒரு சொம்பைக் கொண்டுவந்து எதிரில் வைத்தாள்.

"உன் புல்லுக்குக் கொஞ்சம் மிச்சம் வெச்சிட்டுக் குடி" என்றாள்.

முழுசாகக் குடித்தேன். மனைக் கற்களை மாட்டுத் தொழுவத்துக்குத் தரை போட எடுத்துக்கொண்டாள்.

கர்னல் சார் இப்போது செயலாளர் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் மழை ஓய்ந்ததும் அக்கா வீட்டுக்கு வருவார். கிணற்றடியில் நின்று, கண்ணை மூடி, ஒரு பந்தை விடுவார். ப்ளக் என்று கேட்கும். மீசைக்குள் சிரித்துக்கொள்வார். "குடிக்கிற தண்ணில ஏங்கய்யா பந்து போடறீங்க, அறிவிருக்கா?" என்று அக்கா திட்டுவாள். திட்டி முடித்து, சொம்பில் தண்ணீர் கொடுப்பாள். முதலில் போட்டதையும் சேர்த்துக் கிணற்றில் இதுவரை ஆறு பந்து கிடக்கிறது. வெளிநாட்டுப் பந்து ஆயிற்றே என்று அக்காவுக்கே மனசு கேட்கவில்லை. "தூர் வாரும்போது எடுத்துத் தரேன்" என்று சொல்லியிருக்கிறாள்.

கிணறு வற்றினால்தான் தூர் வார முடியும். பந்து வேண்டவே வேண்டாம் என்று கர்னல் சார் சொல்லிவிட்டார்.